ஆதுலர் சாலை, கஞ்சித் தொட்டி, காலை நாலு மணி பஸ்

வடசென்னையில் பழைய ஆட்களிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டுப் பாருங்க. "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்கும் கஞ்சிக்கும் என்ன சம்பந்தம் என்று தேடப் போனேன். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனதில் முதியோர் இல்லம், நடமாடும் மருத்துவம், கடைசியில் எங்க விருதுநகர் மாவட்டத்துப் பயர் ஆபீஸ் வேன் வரைக்கும் வந்து நின்றது. அங்கங்கே எழுதி வைத்திருந்த குறிப்புகளை இங்கே ஒன்றாகக் கோத்திருக்கிறேன்.

கேள்வி இதுதான். முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால், அவர் மருத்துவரைத் தேடிப் போகணுமா, மருத்துவர் அவரைத் தேடி வரணுமா? நடமாடும் மருத்துவ ஊர்தியை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி நாம் பேசுகிறோம். பழைய பதிவுகளைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கு. தங்குமிடமும் மருத்துவமும் நம் ஊரில் பல இடங்களில் ஒரே கூரைக்குக் கீழ்தான் பிறந்தன. பிரிந்தது பிற்பாடு.

ஒரு சொல், இரண்டு பொருள்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் திருமுக்கூடல். வாலாஜாபாத் பக்கத்தில் இருக்கு. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (ஆட்சி 1063–1070) காலத்து நீளமான கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலோடு சேர்ந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை ஆகியவற்றுக்கு என்னென்ன செலவு, யார் யாருக்கு எவ்வளவு என்று அது பட்டியல் போடுகிறது.

ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். நோய் பார்க்க ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை பறித்து வர இருவர், மருந்து காய்ச்சி நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், என்ன இருப்பு, யார் பொறுப்பு என்ற மூன்றும் கல்லில் இருக்கு. மென்பொருள் வேலையில் ஒரு சர்வீஸ் தொடங்கும்போது நாங்கள் எழுதி வாங்கும் ஒப்பந்தம் பல சமயம் இவ்வளவு தெளிவாக இருக்காது.

இது முதியோர் இல்லம் கிடையாது. அங்கே படுத்தவர்கள் விடுதி மாணவர்களும் கோயில் பணியாளர்களும். ஆனால் அந்தப் பெயரைக் கவனிங்க. 'ஆதுலர்' என்ற சொல்லுக்கு நோயாளி என்றும் பொருள், ஆதரவற்றவர் என்றும் பொருள். தமிழ்ப் பேரகராதி இரண்டையும் தருகிறது. நோயுற்றவருக்கு ஓர் இடம், போக்கிடம் இல்லாதவருக்கு வேறோர் இடம் என்று அந்தச் சொல் பிரித்துப் பார்க்கவில்லை.

இதே வழக்கம் சத்திரங்களிலும் தொடர்ந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்ட்டுக்குத் தன் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். வழிப்போக்கர் சத்திரத்தில் நோயில் விழுந்தால் மருத்துவர் பார்ப்பார், மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுப்பார்கள், குணமாகும்வரை அங்கேயே இருக்கலாம் என்பது அதில் உள்ள செய்தி. அதாவது சோறு போடும் இடத்தில் மருந்தும் உண்டு.

கஞ்சியில் தொடங்கிய ஆஸ்பத்திரி

1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. கிராமங்கள் அழிந்தன, பஞ்சம் வந்தது, ஜனங்கள் சென்னைப்பட்டணத்தை நோக்கி ஓடி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் ஓர் இடம் ஏற்பாடானது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். வெள்ளைக்காரன் நாக்கில் அது 'மோனிகர் சவுல்ட்ரி' ஆனது.

பஞ்சம் தணிந்தது, ஆட்கள் ஊர் திரும்பினார்கள். திரும்ப முடியாதவர்கள் தங்கிவிட்டார்கள். வயதானவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், கேட்க நாதியில்லாதவர்கள். கஞ்சித் தொட்டி ஒரு நிரந்தர இல்லமாக மாறியது இப்படித்தான்.

1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் சத்திரத்தை ஒட்டி 'நேட்டிவ் இன்ஃபர்மரி' என்ற சிகிச்சையகத்தைத் தொடங்கினார். 1808-இல் சத்திரமும் சிகிச்சையகமும் ஒரே நிர்வாகத்துக்குக் கீழ் வந்தன. இதில் வரிசை முக்கியம். முதலில் கஞ்சி, அடுத்து இல்லம், அதற்கப்புறம்தான் மருத்துவர். நோயாளிகள் இருந்த இடத்துக்கு மருத்துவமனை வந்து சேர்ந்தது.

நூறு வருஷம் கழித்து 1910-இல் மருத்துவமனைப் பகுதியை அரசு எடுத்துக்கொண்டது. அது ராயபுரம் மருத்துவமனை ஆனது. 1930-களில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரில் மருத்துவப் பள்ளி வந்தது, 1938-இல் கல்லூரியாக உயர்ந்தது. சத்திரம் தனி அறக்கட்டளையாக ஒதுங்கி, இன்றும் முதியோர் இல்லமாக இயங்கி வருகிறது.

அரசு எடுத்துக்கொண்டதைக் குறை சொல்ல முடியாது. அது நடக்காவிட்டால் வடசென்னைக்கு அவ்வளவு பெரிய மருத்துவமனை கிடைத்திருக்காது. ஆனால் அந்தப் பிரிவினையில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் மாறிப்போச்சு. மருத்துவர் இருக்கும் கட்டடம் வேறு, முதியவர் படுத்திருக்கும் கட்டடம் வேறு. நடுவில் ஒரு தெரு. இருபது வயசுக்காரனுக்கு அது தெரு. எண்பது வயசில், இடுப்பு எலும்பு முறிந்து கிடப்பவருக்கு அது கடல்.

714 நோயாளிகள்

இந்தப் பிரிவினை நம் ஊருக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. இங்கிலாந்தில் ஏழை விடுதிகளை ஒட்டி நோயாளிக் கூடங்கள் இருந்தன. 1935-இல் லண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை அப்படி ஒரு கூடத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம் 714 நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். 'இனி குணமாகாது' என்று முத்திரை குத்தி வருஷக்கணக்கில் படுக்கையில் விடப்பட்டவர்கள்.

அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். நோயை வகை பிரித்தார். சுவருக்கு வெளிச்சமான வண்ணம் அடிக்க வைத்தார், படுத்தவர்களை எழுப்பி உட்கார வைத்து நடக்கப் பழக்கினார். அவர்களில் கணிசமானோர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். பலருடைய நோய் முதுமை இல்லை, யாரும் வந்து பார்க்காததுதான் என்று அதன் மூலம் தெரிந்தது. முதியோர் மருத்துவம் என்ற துறையின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

நம் பக்கம் அந்தத் துறையை நிலைநாட்டியவர் மருத்துவர் வி.எஸ். நடராஜன். 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு வந்தது. இந்தியாவிலேயே முதல். 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்தாச்சு. இவை எல்லாம் பெரிய காரியங்கள். ஆனாலும் இவை எல்லாமே முதியவர் கிளம்பி வர வேண்டிய இடங்கள்.

வண்டி கிளம்பியது

தெருவைத் தாண்ட முடியாதவர்களுக்காக எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பியவர்களும் உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வண்டியில் கிளம்பி, போகிற வழியெல்லாம் மரத்தடியில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். 'சாலையோர மருந்தகம்' என்ற அந்த வழக்கம் முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு காரிலும் நடந்தது. குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட மரம். வண்டி வரும் என்று தெரிந்து ஜனம் காத்திருக்கும்.

எங்க பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான பெயர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918-இல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த கரிசக்காட்டுக்காரர். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவை செய்யப் பழகியவர். மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில் (இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனை) இருந்தபோதே 1960-களில் கிராமங்களில் கண் முகாம் நடத்தினார். ஓய்வு பெற்று 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அரவிந்த் முகாம்களிலிருந்து கிடைத்த ஒரு பாடம் இங்கே முக்கியம். அறுவை இலவசம் என்று சொன்னாலும் எல்லோரும் வரவில்லை. விசாரித்தால், பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வரும் ஆளின் கூலி நஷ்டம், பயம் என்று காரணங்கள் வந்தன. அதனால் முகாமிலேயே பரிசோதித்து, தேவைப்படுபவரை அங்கிருந்தே பஸ்ஸில் ஏற்றி, அறுவை செய்து, சோறு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடும் முறை உருவானது. கண்புரை என்பது பெரும்பாலும் முதியவர்களின் நோய். அந்த வகையில் முதியவரைத் தேடிப் போன மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

1978-இல் தொடங்கிய ஹெல்ப்ஏஜ் இந்தியா 1982-இல் நடமாடும் மருத்துவ ஊர்தியை இறக்கியது. மருத்துவர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே வண்டியில் வந்து, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது அதன் முறை. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் இன்னொரு படி மேலே போனது. பக்கத்து வீட்டுக்காரர்களையே பயிற்சி கொடுத்துத் தொண்டர்களாக்கி, செவிலியரோடு வீட்டுக்கு வீடு அனுப்பினார்கள். 2008-இல் கேரள அரசு அதை மாநிலக் கொள்கையாகவே அறிவித்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரை, இயன்முறை சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் வீட்டு வாசலுக்கே. 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. திட்டத்தின் பெயரிலேயே விடை இருக்கு பாருங்க: தேடி.

சட்டத்தில் ஒரு தெரு

2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தால் 19-ஆம் பிரிவும் 20-ஆம் பிரிவும் அடுத்தடுத்து வருகின்றன. 19-ஆவது, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று தொடங்கி, குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும்படி அரசு இல்லங்கள் அமைக்கலாம் என்கிறது. 20-ஆவது, அரசு மருத்துவமனைகளில் முதியோருக்கு இயன்றவரை படுக்கை, தனி வரிசை, மாவட்ட மருத்துவமனைகளில் முதியோர் சிகிச்சை வசதி என்று பேசுகிறது.

'தனி வரிசை' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று யோசிங்க. வரிசையில் நிற்கும் அளவுக்கு நடமாட்டம் உள்ளவரைத்தான் இந்தப் பிரிவு கற்பனை செய்திருக்கு. 19-ஆவது பிரிவில் இல்லம், 20-ஆவதில் மருத்துவமனை. 1910-இல் மணியக்காரர் சத்திரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் விழுந்த அதே தெரு, நூறு வருஷம் கழித்துச் சட்டப் புத்தகத்திலும் விழுந்திருக்கு. வீட்டுப் பராமரிப்புச் சேவைகளைச் சேர்த்து 2019-இல் ஒரு திருத்த மசோதா வந்தது. சட்டமாகவில்லை.

வீடு தேடி வரும் திட்டங்கள் 'குடும்பம்' என்ற அலகை வைத்துத்தான் யோசிக்கும். ரேஷன் அட்டை ஓர் ஊரில், ஆள் வேறொரு ஊர் இல்லத்தில் என்றால், பட்டியலில் அவர் எந்த வீட்டுக்குக் கீழ் வருவார்? டேட்டாபேஸில் இந்த மாதிரி ஆட்களை நாங்கள் 'ஆர்ஃபன் ரெக்கார்டு' என்போம். அனாதைப் பதிவு. அந்தச் சொல் இங்கே எவ்வளவு பொருந்துகிறது என்பது எனக்கே சங்கடமா இருக்கு.

காலை நாலு மணி பஸ்

இப்போ அச்சங்குளத்துக்கு வர்றேன்.

இந்த ஊர்ப் பெயரை வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தால்தான் இருக்கும். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர் எண்ணிக்கை செய்தியில் வரும். அந்தக் கூலியை நம்பி வீட்டில் இருந்த தாய் தகப்பன் எண்ணிக்கை எந்தச் செய்தியிலும் வராது. பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்த கிழவி, பேரப்பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது. அவளுக்கும் முடியாமல் போனால் என்ன வழி? சொந்தக்காரர் வீடு, இல்லாவிட்டால் இல்லம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்தது சிவகாசி. 1970, 80-களில் விடியுமுன் நாலு மணி, அஞ்சு மணிக்கெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கிராமம் கிராமமாக வந்து ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். சலம் பென்னூர்கரின் ஆவணப்படம் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) அந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றியதுதான். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்கப்புறம் படிப்படியாகத்தான் நிலைமை மாறியது.

1975-இல் எட்டு வயசில் அந்த பஸ்ஸில் ஏறிய பிள்ளைக்கு இன்று என்ன வயசு? அறுபதை நெருங்கியாச்சு. குத்துக்கால் போட்டுக் குனிந்து குச்சி அடுக்கிய முதுகு, மருந்துத் தூசி பார்த்த நுரையீரல். தீக்காயத் தழும்பு இறுகி மடங்கிய விரல்களால் மாத்திரை அட்டையைப் பிய்க்கக்கூட முடியாது. அந்தத் தலைமுறை இப்போதுதான் முதுமைக்குள் நுழைகிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். அடுத்த பத்து இருபது வருஷத்தில் எங்க பக்கத்து இல்லங்களில் படுக்கப் போவது அந்த பஸ்ஸில் போன பிள்ளைகள்தான்.

விருதுநகர்க்காரரான காமராசர் முதல்வராக இருந்தபோதுதான் 1962-இல் மாதம் 20 ரூபாய் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. 2023-இல் அது 1,200 ரூபாய் ஆனது. 2022 ஜனவரியிலிருந்து விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கு. காசு ஒரு பக்கம் வருகிறது, மருத்துவர் இன்னொரு பக்கம் இருக்கிறார். நடுவில் வண்டிதான் இல்லை.

வண்டி விடத் தெரியாத ஊரா இது? இன்றைக்கும் காலையில் பயர் ஆபீஸ் வேன்கள் ஒவ்வொரு கிராமத்துக்கும் தப்பாமல் வருகின்றன. எந்தத் தெருமுனையில் யார் நிற்பார்கள் என்று ஓட்டுநருக்கு மனப்பாடம். வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் வாசலுக்கு வண்டி வரும், வேலை பார்த்து ஓய்ந்த உடம்புக்கு வராது என்பதில் என்ன நியாயம்?

வண்டியில் என்ன இருக்கணும்?

108 வண்டி 2008-இல் வந்தது, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. ஆனால் அது அவசரத்துக்கு. படுக்கைப் புண் அவசரமாக வராது. அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வரும். காதில் அடைத்த குறும்பியால் யாரோடும் பேசாமல் போன கிழவரை ஞாபக மறதி என்று ஒதுக்கிவிடுவார்கள். மூன்று மருத்துவர் எழுதிய மூன்று சீட்டில் ஒரே மாத்திரை மூன்று பெயரில் இருக்கும். இதற்கெல்லாம் சைரன் தேவையில்லை. அதே ஆள், அதே கிழமை, திரும்பத் திரும்ப வந்தால் போதும்.

ஓர் இல்லத்தில் முப்பது பேர், பணியாளர் இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் ஒரு பணியாளர் அரை நாள் போச்சு. மீதி 29 பேருக்கு ஒரே ஆள். அதனால் 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுவது கல்நெஞ்சம் இல்லை, கணக்கு. ஒரு செவிலியரும் மருத்துவரும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்தால் அந்தக் கணக்கே மாறிவிடும்.

வண்டியில் ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, புண்ணுக்குக் கட்டுப் போடும் சாமான், நகம் வெட்டி, ஆளுக்கொரு நோட்டு. நோட்டில் 'செய்த தொழில்' என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கணும். எங்க பக்கத்தில் அந்த ஒரு வரியே பாதி நோயைச் சொல்லிவிடும். கடைசிக் கட்ட வலிக்கு மார்ஃபின் கொடுக்கும் அனுமதியும் வேண்டும். போதைப் பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்களுக்கு அது முன்பைவிட எளிது.

திருமுக்கூடல் பட்டியலில் ஒரு நாவிதர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? அறுவை மருத்துவருக்கும் செவிலியருக்கும் நடுவில் அவருக்கும் சம்பளம் எழுதியிருக்கு. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முடி வெட்டி, முகம் மழித்து, நகம் எடுத்து விடுவது மருத்துவத்தில் ஒரு பகுதி என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கணக்கெழுதியவருக்குத் தெரிந்திருக்கு. கனிவு என்பதை யாருடைய நல்ல மனசையும் நம்பி விடாமல், ஒரு பதவியாக்கிக் கூலியும் ஒதுக்கியிருக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு வண்டி திட்டமிடுபவர்கள் யாராவது இதைப் படித்தால், ஊழியர் பட்டியலில் அந்த ஓர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்க.